ஆடாத பேனரும் கொதித்த ரேடியேட்டரும்

1. முள் ஏறியது

ஈப்போவிலிருந்து கிளம்பிப் பூசிங் என்ற ஊரைத் தாண்டும்போது சூடு காட்டும் முள் நடுவில்தான் இருந்தது. சிப்பூத்தே வந்தபோது நடுவை விட்டு நகர்ந்துவிட்டது. ஸ்ரீ இஸ்கந்தாரை நெருங்கும்போது சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நான் மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள்.

"சேகர் அண்ணே, முள் ஏறுது."

"எந்த முள்ளு, நளினி?"

"சூட்டு முள்ளு."

"அது அப்படித்தான்லா. வெயிலப் பாத்தியா? நானுந்தான் சூடா இருக்கேன். எனக்கு யாரு முள்ளு வச்சுப் பாக்குறா?"

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கவலைப்படத் தெரியும் அளவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று என் கணவர் சொல்வார். குழந்தை பிறந்த பிறகு அந்தத் திறமை இரு மடங்கானது. குழந்தைப் பையில் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வைத்திருப்பேன்: இரண்டு பால் புட்டி, இரண்டு தெர்மாமீட்டர், இரண்டு நகவெட்டி. ஒன்று தொலைந்தால் என்ன செய்வது?

மலேசியாவின் ஈப்போவில், படுக்கையும் கழிப்பறையும் உள்ள மோட்டார்ஹோம்களை வாடகைக்கு விடும் சிறிய கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறேன். வண்டியை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதும், திரும்பி வரும்போது சோதித்து வாங்குவதும் என் பொறுப்பு. பெரிய வண்டியை எடுப்பவர்களுக்கு எங்கள் டிரைவரோடு கம்பெனி ஆள் ஒருவரும் கூடப் போவது வழக்கம். அன்று போக வேண்டியவர் லீவில் இருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் காய்ச்சல். ஆகவே நானும் என் மகள் யாழினியும் கம்பெனியின் பிரதிநிதிகளாகப் போனோம்.

வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் இந்தப் பயணத்தைத்தான் முதலில் சொல்கிறேன். மேனுவலை அதற்குப் பிறகுதான் கையில் கொடுக்கிறேன்.

2. நாலரைக்குள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏற்றிச் சென்றது ஒரு பரிசம். மாப்பிள்ளை தினேஷ் ஈப்போக்காரர். பெண் வீடு சித்தியவானில். மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு போய்ப் பரிசம் போட வேண்டும். சாதாரண வேனில் போனால் பட்டுப் புடவை கசங்கும், சாக்லேட் தட்டு உருகும், வழியில் கழிப்பறைக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று மாப்பிள்ளையின் அம்மா சரசு ஆன்ட்டி மோட்டார்ஹோமைப் பிடித்தார். பின்னால் இருந்த பெரிய கட்டில் முழுக்கத் தட்டுகள். மேலே கிளிங் பேப்பர், சிவப்பு ரிப்பன், சுற்றிலும் ஏர்கோன் குளிர்.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத் தொடங்கும். அதற்குள் தட்டுகள் பெண் வீட்டு வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். பெண்ணின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் முழு மனது இல்லை என்பதைச் சரசு ஆன்ட்டி ஏறிய உடனே என்னிடம் சொல்லிவிட்டார். "நேரம் தவறுனா போதும்மா, அதுவே சாக்கு. 'ஆடி கழிச்சுப் பாக்கலாம்'னு தட்டத் திருப்பி அனுப்பிரும் அந்தப் பொம்பள. ஆடி கழிச்சு இவன் சிங்கப்பூர்ல இருப்பான். அங்க போனா லீவாவது ஒன்னாவது."

தினேஷ் கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது. அவர் காதலித்த பெண் என்று பிறகு தெரிந்தது.

ஆகவே என் மடியில் இரண்டு பொறுப்புகள் இருந்தன. ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று முள்ளாக ஏறிக்கொண்டிருந்தது.

3. தண்ணீர் சுற்றும் வழி

டீசல் இன்ஜினின் குளிர்விக்கும் முறையை நான் மகப்பேறு விடுப்பில் படித்தேன். இரவும் பகலும் பால் கொடுக்கும்போது ஒரு கைதான் சும்மா இருக்கும். அந்தக் கையில் மேனுவல் இருந்தது. திரும்ப வேலைக்குப் போகும்போது எல்லாம் மறந்திருக்கும் என்ற பயம்.

விஷயம் எளிது. இன்ஜினுக்குள் டீசல் எரிகிறது, சூடு பிறக்கிறது. இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் ஒரு வாயிற்காவலர். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவை மூடி வைக்கும். சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்கு நடுவே ஃபேன் காற்றை இழுக்கும். காற்று சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகும். கூலன்ட் ஆறித் திரும்பி வரும். மூன்று பேரும் வேலை செய்ய வேண்டும்: தண்ணீர், கதவு, காற்று. ஒருவர் லீவு போட்டாலும் முள் ஏறும்.

எங்கள் பெரிய மோட்டார்ஹோம் ஜப்பானில் ஓடிய பழைய பஸ்ஸைப் புதுப்பித்த ரீகோன் வண்டி. இன்ஜின் பின்னால். ஆகவே ரேடியேட்டரும் பின்னால்தான், வலது பக்கவாட்டில், ஓட்டை ஓட்டையான ஒரு கறுப்புக் கிரிலுக்கு உள்ளே.

சேகர் அண்ணன் இதற்கு முன் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். அவரைப் பொறுத்தவரை ரேடியேட்டர் என்றால் முன்னால். சூரியன் கிழக்கே என்பது போல.

"போன வாரம் இதே வண்டி கேமரன் மலைக்கு ஏறிச்சு அண்ணே. அப்ப முள் நடுவுலயே இருந்துச்சு. இது தரை ரோடு. இப்ப ஏன் ஏறணும்?"

"மலைக்குப் போனா குளுரும்லா. இங்க காயுது."

அந்தப் பதில் சரியா தவறா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் முள் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது.

4. பட்டுப் புடவைகளுக்கு ஹீட்டர்

மேனுவலில் ஒரு அவசர வழி இருந்தது. ஏர்கோனை அடைத்தால், அதாவது நிறுத்தினால், இன்ஜினுக்குச் சுமை குறையும். ஹீட்டரைப் போட்டால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள் வந்துவிடும். ஹீட்டர் என்பது இன்னொரு குட்டி ரேடியேட்டர்தான். ஜப்பான் பஸ் என்பதால் இருக்கைகளுக்கு அடியில் ஹீட்டர் இருந்தது. மலேசியாவுக்கு வந்த பிறகு அதை யாரும் தொட்டதில்லை.

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். சொல்லாவிட்டால் இன்ஜின் வெந்துபோகும். சொன்னேன்.

"ஆன்ட்டி, கொஞ்ச நேரம் ஏர்கோன அடைக்கணும்."

"அடைச்சிக்கம்மா, ஜன்னலத் தொறந்துக்குவோம்."

"அப்புறம்... ஹீட்டர் போடணும்."

வண்டிக்குள் முறுக்குச் சத்தம் நின்றது.

"என்னா போடணும்?"

"ஹீட்டர்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் வேலு எழுந்தே விட்டார். வேஷ்டி சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி, அன்றைய விழாவைத் தன் தோளில் சுமக்கும் முகம். "ஏம்மா, நாங்க என்ன ரொட்டியா? சுட்டு எடுத்துட்டுப் போயி பொண்ணு வீட்ல வைக்கப் போறியா?"

"இன்ஜினோட சூட்ட நாம வாங்கிக்கிறோம் அங்கிள். இன்ஜினுக்கு உதவி."

"இன்ஜினு எனக்கு என்ன மச்சானா?"

சேகர் அண்ணன் சுவிட்சைத் தட்டிவிட்டார். பல வருடத் தூசி இருக்கைக்கு அடியிலிருந்து புகையாகக் கிளம்பியது. பிறகு சூட்டுக் காற்று. பட்டுப் புடவைகளின் மடிப்புகள் உப்பின. சரசு ஆன்ட்டியின் பவுடர் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. தினேஷின் ஜிப்பா முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோபுரமாக அடுக்கியிருந்த சாக்லேட் தட்டு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்ததை நான் மட்டும் பார்த்தேன். சொல்லவில்லை.

தினேஷின் சித்தி ஒருவர், "எனக்குக் கண்ணு இருட்டுது" என்று கட்டிலில் தட்டுகளை நகர்த்திவிட்டு ஓரத்தில் படுத்துவிட்டார்.

"பொறப்படறப்ப யாரோ தும்முனீங்க, நான் அப்பவே சொன்னேன்," என்றார் சரசு ஆன்ட்டி.

தும்மியது யாழினி. நான் அவள் மூக்கைத் துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

முள் ஏறுவது நின்றது. ஆனால் இறங்கவில்லை. போத்தாவை நெருங்கும்போது மறுபடி நகர்ந்தது.

"அண்ணே, ஓரங்கட்டுங்க."

"நாலரைக்குப் போவணும்னு சொன்னாங்களேலா."

"இன்ஜின் போச்சுன்னா நாளைக்கு நாலரைக்குத்தான் போவோம்."

5. ஹோஸ் சொன்ன சேதி

பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரம், புல்தரையில் வண்டி நின்றது. இன்ஜினை உடனே அடைக்க வேண்டாம், சும்மா ஓடட்டும், பம்ப் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும் என்றேன். எல்லோரும் இடது பக்கமாக இறங்கி நிழலில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டார்கள்.

சேகர் அண்ணன் மினரல் வாட்டர் பாட்டிலோடு வண்டியின் முன்பக்கம் போய்த் தகட்டின் மேல் ஊற்றத் தொடங்கினார்.

"அண்ணே, அங்க ஒன்னும் இல்ல. வைப்பர் மோட்டார்தான் இருக்கு."

"குளுந்தா நல்லதுதானே."

"வைப்பருக்கா?"

யாழினியை ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் இன்ஜின் கதவைத் திறந்தேன். சேகர் அண்ணன் உடனே ரேடியேட்டர் மூடியை நோக்கிக் கையை நீட்டினார். நான் கத்திய கத்தலில் அவர் பாட்டிலையே கீழே போட்டார். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்துக்கு வரும். இதை மட்டும் நான் இரண்டாம் தடவை யோசிக்காமல் செய்தேன்.

ரிசர்வ் டேங்கைப் பார்த்தேன். அளவு சரி. ஒழுகல் இல்லை. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொடாமலே அனல் அடித்தது. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் ஹோஸும் அதே அனல்.

அங்கேதான் கொஞ்சம் நின்றேன். தெர்மோஸ்டாட் கதவு திறக்காமல் இருந்திருந்தால் திரும்பி வரும் ஹோஸ் ஆறியிருக்கும். இது சூடாக இருக்கிறது. அப்படியென்றால் கதவு திறந்திருக்கிறது, தண்ணீர் ஓடுகிறது. ரேடியேட்டருக்குப் போன சூடு குறையாமல் அப்படியே திரும்பி வருகிறது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது. மூன்று பேரில் இரண்டு பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். லீவு போட்டது காற்று.

சரியாகத்தான் யோசிக்கிறேனா? மறுபடி முதலிலிருந்து யோசித்தேன். மறுபடியும் காற்றுதான் வந்தது.

"அண்ணே, வலது பக்கம் என்ன இருக்கு?"

"அங்க என்ன? நீ ஏறி ஒக்காந்த பெறகு வேலு மாமா பேனர் கட்டுனாரு. அருமையான கட்டு. நானும் ஈப்போலேருந்து கண்ணாடில பாக்குறேன், அம்பதுல போனாலும் எம்பதுல போனாலும் ஒரு ஆட்டம் இல்ல."

ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, லாரி வருகிறதா என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, வலது பக்கம் போனேன்.

வேலு மாமா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனரில், இடுப்புக்கு மேல் நிஜ அளவில், கூப்பிய கையோடு. அவருக்குப் பக்கத்தில் 'பரிசம் போடும் விழா' என்ற எழுத்து. ஓரத்தில் பாஸ்போர்ட் படம் அளவுக்குத் தினேஷ். ஒரு பாமாயில் லாரி விரைந்து போனது. என் துப்பட்டா பறந்தது, புல் சாய்ந்தது, வண்டியே கொஞ்சம் குலுங்கியது. மாமா மட்டும் அசையவில்லை. கிரிலின் கட்டங்கள் அவர் கன்னத்தில் வலை வலையாகப் பதிந்திருந்தன. உள்ளே இருந்த ஃபேன் அவரை அவ்வளவு இறுக்கமாக உறிஞ்சிப் பிடித்திருந்தது.

ஓடுகிற வண்டியில் கட்டிய பேனர் ஆடாமல் இருந்தால் அது கட்டின் சிறப்பு இல்லை. காற்று உள்ளே போக வழியில்லாமல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

6. நகவெட்டி கணக்கில் வராது

"அங்கிள், பேனர அவுக்கணும்."

வேலு மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு?"

"அது பின்னாடிதான் ரேடியேட்டர் இருக்கு. மூச்சு முட்டுது."

"அந்த எடத்துலதான்மா ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. கேபிள் டை மாட்டத் தோதா இருந்துச்சு. அதோட எதுக்க வர்றவன் எல்லாம் பாக்கணும்ல?"

"பாத்தாங்க அங்கிள். போதும்."

"நல்ல காரியத்துக்குக் கட்டுனதப் பாதி வழில அவுக்கிறதா? அக்கா, நீயே சொல்லு."

சரசு ஆன்ட்டியும் தயங்கினார். "அவுத்தா அபசகுனம்மா. அதுவும் கத்திரி கித்திரி வைக்கவே கூடாது."

மணி ஓடிக்கொண்டிருந்தது. தினேஷ் தன் போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெண் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். "அவங்க அம்மா வாசல்லயே நாக்காலி போட்டு மணி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்களாம்," என்றார் மெதுவாக. அவர் அன்று பேசிய முதல் முழு வாக்கியம் அது.

படித்தவள் என்று நான் காற்றோட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். மாமாவின் கண்கள் செம்பனை மரத்துக்குப் போய்விட்டன. நிறுத்திக்கொண்டேன். ஈப்போவில் ஏறியதிலிருந்து அவர் கண் எங்கே போனது என்று யோசித்தேன்: யார் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்பதில்தான்.

"அங்கிள், அவுக்க வேணாம். எடம் மாத்துவோம். இந்த வண்டிக்கு முன்னாடி ரேடியேட்டர் கிடையாது, மொத்த எடமும் காலி. இப்படிப் பின்னாடி ஓரத்துலயா தாய்மாமன நிறுத்துறது? பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல வண்டி மூஞ்சியத்தானே பாப்பாங்க?"

வேலு மாமா மீசையைத் தடவினார். "அத மொதல்லயே சொல்றதுக்கு என்னாம்மா?"

சேகர் அண்ணன் இருமிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

கத்திரிதான் கூடாது. நகவெட்டி? சரசு ஆன்ட்டி ஒரு கணம் யோசித்து, "அது கணக்குல வராது" என்று தீர்ப்புச் சொன்னார். குழந்தைப் பையிலிருந்து ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றைச் சேகர் அண்ணனிடம் கொடுத்தேன். பிள்ளையின் பிஞ்சு விரலுக்கு வாங்கிய நகவெட்டியால் பிளாஸ்டிக் கேபிள் டைகளைக் கடித்துக் கடித்து அறுத்தோம். கடைசி டை அறுந்ததும் பேனர் கீழே விழவில்லை. இன்னும் கிரிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்துத்தான் எடுத்தோம். உரித்த உடனே காற்று உள்ளே பாயும் சத்தம், யாரோ நீண்ட பெருமூச்சு விட்டது போல.

முன்பக்கத்தில், டிரைவரின் பார்வையை மறைக்காமல், பக்கவாட்டுக் கண்ணாடிகளைத் தாங்கும் இரண்டு தண்டுகளுக்கும் இடையே துணி காயப்போடும் கயிற்றை இழுத்துக் கட்டிப் பேனரைத் தொங்கவிட்டோம். நம்பர் பிளேட்டும் விளக்கும் தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆகவே ஒரு பக்கம் மடிக்க வேண்டி வந்தது. எந்தப் பக்கம் என்பதில் விவாதமே எழவில்லை. மாப்பிள்ளை மடிப்புக்குள் போனார்.

"பரவால்ல மாமா," என்றார் தினேஷ். "என்னைய நேர்லயே பாப்பாங்க."

ஏறி உட்கார்ந்தபோது முள் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. நான் ஹீட்டரை அடைக்கச் சொன்னேன். வண்டிக்குள் எழுந்த ஆரவாரத்தில் யாழினி பயந்து அழுதாள்.

7. வாசற்படி

ஆயர் தாவாரில் முள் நடுவுக்கு வந்துவிட்டது. நான் அதை நம்பவில்லை; சித்தியவான் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

பெண் வீட்டுச் சந்தில் வண்டி நுழையாது. சந்து முனையில் நிறுத்திவிட்டு எல்லோரும் தட்டுகளோடு இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார்கள். அப்போதுதான் சரசு ஆன்ட்டி நின்றார். கண்ணிருட்டிப் படுத்த சித்தி இன்னும் எழவில்லை. ஒரு தட்டுக்கு ஆள் இல்லை. அதை விட்டுவிட்டுப் போனால் தட்டுகள் இரட்டைப்படையாகிவிடும். பரிசத்துக்கு இரட்டைப்படை ஆகாது.

"நளினி, நீ எடும்மா."

"நானா ஆன்ட்டி? நான் கம்பெனி ஆளு. இடுப்புல பிள்ள வேற."

"சுமங்கலி, கைப்பிள்ள. இதவிட என்னா சகுனம் வேணும்? எடுத்துக்கிட்டு ஓடு!"

மிஞ்சியிருந்தது சாக்லேட் தட்டு. கம்பெனிச் சட்டையோடு, ஒரு இடுப்பில் மகளையும் மறு கையில் சாய்ந்த கோபுரத்தையும் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் மாப்பிள்ளை. அவருக்கும் பின்னால், முதல் ஆளாகப் போயிருக்க வேண்டிய வேலு மாமா. அவர் சந்து முனையில் நின்று பேனரை நேராக்கிக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அம்மா உண்மையிலேயே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, சிரிப்பில்லாத முகம். சந்து நேராக இருந்ததால் அங்கிருந்தே வண்டியின் முன்பக்கம் தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியில் தொங்கிய பேனரைப் பார்த்தார்.

"அது யாரு? மாப்புளன்னாங்க. எங்க வீட்டுக்காரர விட வயசானவரா இருக்காரே?"

தினேஷ்தான் முன்னே வந்தார். நனைந்த ஜிப்பா, நெற்றியில் கரைந்த சந்தனம். "மாப்புள நான்தான் ஆன்ட்டி. என்னைய மடிச்சு வச்சிட்டாங்க."

அந்த அம்மாள் வாயைப் பொத்தினார். தோள்கள் குலுங்கின. பிறகு பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. சிரித்தபடியே எழுந்து, "வாங்க, வாங்க, நேரமிருக்கு, மொதல்ல மஞ்சக் குங்குமத் தட்டு" என்று வழிவிட்டார். தட்டுகள் ஒவ்வொன்றாகப் படி தாண்டின. கடைசியில் நான்.

"இது என்னா, பாயசமா?"

"ஏறறப்ப சாக்லேட்டா இருந்துச்சுங்க," என்றேன்.

யாழினி ஏற்கெனவே முழங்கை வரை அதற்குள் கையை விட்டிருந்தாள். பெண்ணின் அம்மா அவள் கையைப் பிடித்து, துடைப்பது போலத் துடைத்து, தன் விரலில் ஒட்டியதை மற்றவர்கள் பார்க்காதபோது வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளே சுவர்க் கடிகாரத்தில் நாலரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. தினேஷ் பாயில் உட்கார்ந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

8. கற்றுக்கொண்டது

முள் ஏறினால் முதலில் வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். மூடியைத் தொடாதீர்கள். தண்ணீர், கதவு, காற்று என்று வரிசையாக யோசியுங்கள். இதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது.

மேனுவலில் இல்லாதது ஒன்று. ஜப்பானில் இந்த வண்டியைச் செய்தவர்களுக்கு எங்கள் தாய்மாமன்களைத் தெரியாது. ஆகவே சாவி கொடுக்கும் முன் நான் இப்போது "எங்கே போறீங்க?" என்று கேட்பதில்லை. "என்ன விசேஷம்?" என்று கேட்கிறேன். கல்யாணம் என்றால் பேனர், கோயில் என்றால் தோரணம், பிறந்தநாள் என்றால் பலூன். வண்டியில் ஓட்டை உள்ள இடம் எல்லாம் கட்டுவதற்கான இடம் என்று நம் ஆட்களுக்குத் தோன்றிவிடும்.

போன வாரம், டிரைவர் கூடப் போகாத சின்ன வண்டியைக் கேட்டு ஒரு இளம் ஜோடி வந்தது; அதிலும் இன்ஜின் பின்னால்தான்.

"என்ன விசேஷம்?"

"ஒன்னும் இல்லக்கா. சும்மா லூமுட் கடற்கரை. ரெண்டு நாளு."

அப்பாடா என்று சாவியைக் கொடுத்தேன். வாசல் வரை போய்விட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய், "கடல்ல குளிச்சா துணி நனையுமே, எங்க காய வைப்பீங்க?" என்றேன்.

"பின்னாடி கறுப்பா ஒரு கிரில் இருக்கேக்கா," என்றது அந்தப் பெண் உற்சாகமாக. "பாத்தோம். இன்ஜின் ஓடுறப்ப காத்து நல்லா இழுக்குது, சீக்கிரம் காஞ்சிரும்."

சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இருவரையும் உட்காரச் சொன்னேன்.